பச்சையம்மாளும் பதினொரு பால்மாவு டின்களும்

பெயர் பச்சையம்மாள். தந்தை செல்லப்பன். பிறந்த ஊர் வாலிகண்டபுரம். பிறந்த ஆண்டு பள்ளிச் சான்றிதழில் 1941 என்று இருக்கிறது. அவருடைய அண்ணன் தங்கசாமி 1939 என்கிறார். எது சரியென்று எனக்குத் தெரியாததால் இரண்டையும் எழுதி வைக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணவர் அரியமுத்து, வெள்ளாற்றங்கரை வயல்களில் கூலி வேலை செய்தவர், 1975இல் காலமானார். ஒரே மகள் மலர்க்கொடி, பிறப்பு 1973. 1976 ஜூன் முதல் லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் இருந்த பால்வாடியில் ஆயா வேலை. சமைப்பது, பிள்ளைகளை வீடுவீடாகப் போய் அழைத்து வருவது, பாத்திரம் கழுவுவது ஆகியவை அவர் பொறுப்பு.

இவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் பிறப்பு, நிக்காஹ், இறப்பு, நிலம், பாஸ்போர்ட் எண் ஆகியவையே இடம்பெறும். வெளியார் ஒருவருக்கும் அதில் பக்கம் ஒதுக்கியதில்லை. இப்போது ஒதுக்குவதற்குக் காரணம், 1977ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் கையால் எழுதிய ஒரு சொல். என் தம்பி ஜமால் முகமதின் மகள் நஃபீசாவின் பெயருக்கு எதிரே நான் எழுதிய அந்தச் சொல் 'மந்தம்'.

பச்சையம்மாளுக்கு உட்காரத் தெரியாது. இது மிகைப்படுத்தல் இல்லை. பால்வாடியில் பதினொன்றரை மணிக்குச் சமையல் முடிந்துவிடும். வேறொருவராக இருந்தால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சற்றுச் சாய்வார். இவர் அந்த நேரத்தில் தெருவில் இருப்பார். யார் வீட்டுப் பிள்ளை இன்று வரவில்லை, ஏன் வரவில்லை, காய்ச்சலா, கல்யாணமா என்று கேட்டுவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அதையும் நின்றுகொண்டே சாப்பிடுவார். பால்வாடி டீச்சர் புஷ்பவல்லி ஒருமுறை, "ஒக்காந்தா ஒனக்கு முள்ளு குத்துமா பச்ச?" என்று கேட்டாராம். "ஒக்காந்தா யாரோ ஒரு புள்ள எங்கியோ பட்டினியாக் கெடக்குறாப்புலயே இருக்கு டீச்சர்" என்றாராம் இவர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தப் பிள்ளையைக் கண்டாலும் கட்டைவிரலால் கீழ்க்கண் மடலை இழுத்துப் பார்ப்பார். இது எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றதில்லை. செல்லப்பன் ஆட்டு வியாபாரி. சந்தையில் ஆடு பிடிக்கும்போது பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கண் மடலை இறக்கிப் பார்ப்பார். உள்ளே சிவந்திருந்தால் ஆடு நல்ல ஆடு. வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி, உடம்பில் இரத்தம் இல்லை. விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்கமாட்டார். மகள் அதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆட்டுக்குப் பார்த்ததைப் பிள்ளைக்குப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

இனி டின்களைப் பற்றி எழுத வேண்டும்.

ஜமால் 1974இல் துபாய்க்குப் போனான். நஃபீசாவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவன் அனுப்பிய முதல் பொருள் பால்மாவு டின். ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவர் பெட்டியிலும் நான்கு, ஆறு என்று கொடுத்தனுப்புவான். அவனுடைய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது: "பிள்ளைக்குப் பால் குறையக் கூடாது. நான் இங்கே வெயிலில் கிடப்பது அதற்குத்தான்." தம்பியின் மனைவி பாத்திமா பீவி அந்த வரியை அப்படியே நிறைவேற்றினார். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர். பதினைந்து நாளைக்கு ஒரு டின். காலி டின்கள் ஒன்றையும் வெளியே போடவில்லை. பின்னறையில் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோரமாக அடுக்கி வைத்தார். 1976 ஜனவரியில் ஜமால் லீவில் வந்தபோது செருப்பைக் கழற்றிய கையோடு அந்த அடுக்கை எண்ணினான். முப்பத்தாறு. அன்று அவன் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்தேன். அதன்பிறகு காலி டின் என்பது எங்கள் வீட்டில் கணவனுக்கு மனைவி காட்டும் கணக்கு ஆகிவிட்டது. இந்த வழக்கம் எங்கள் தெருவில் வேறு வீடுகளிலும் இருந்தது.

நஃபீசா கொழுகொழுவென்று வளர்ந்தாள். நல்ல வெள்ளை நிறம். கல்யாண வீடுகளில் பெண்கள் அவளை மடியிலிருந்து மடிக்கு மாற்றினார்கள். "பால் குடிக்கிற புள்ள, அதான் இந்த நெறம்" என்றார்கள். சோறு அவளுக்குத் தேவைப்படவில்லை. வாயில் வைத்தால் துப்புவாள். டம்ளரைக் காட்டினால் அடங்குவாள்.

நான்கு வயது முடிந்ததும் காலையில் ஓதுவதற்கு அனுப்பினோம். அலிஃப், பே, தே என்ற மூன்று அரபி எழுத்தோடு நான்காவது சேரவில்லை. இன்று சொன்னதை நாளை மறந்தாள். பலகைமேல் தலையை வைத்துத் தூங்கினாள். ஓதிக்கொடுத்தவர் ஆறு மாதம் பொறுத்துவிட்டு என்னிடம், "இந்தப் புள்ளைக்கு ஏறமாட்டேங்குதுங்க பாய். அடிச்சும் பாத்துட்டேன், அழக்கூட மாட்டேங்குது" என்றார். அன்று நான் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதினேன். ஜமாலுக்கும் எழுதினேன். அவன் பதில்: "அப்படியென்றால் ஸ்கூலில் போட்டு அவமானப்பட வேண்டாம். வீட்டோடு இருக்கட்டும். 78இல் லீவில் வரும்போது முடிவு சொல்கிறேன்."

ஆக, 1978 ஜூனில் பள்ளி திறக்கும்போது நஃபீசா முதல் வகுப்புக்குப் போவாளா, வீட்டோடு இருப்பாளா என்பது அந்த லீவில் தீரவேண்டிய விஷயமாக நின்றது.

1977 அக்டோபரில் பச்சையம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறொரு பிள்ளையைத் தேடி. கூடத்தில் நஃபீசா படுத்திருந்தாள். நேரம் காலை பத்து. இவர் நேராகப் போய்க் குனிந்து கண் மடலை இழுத்துப் பார்த்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். இனி வரும் பேச்சை நானே கேட்டேன்.

"பீவி, புள்ளைக்குக் கண்ணு வெளுத்துக் கெடக்குதுங்க."

"வெள்ளப் புள்ள. கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கும்."

"மேல வெள்ளையா இருக்கட்டும். உள்ள செவப்பா இருக்கணும். எங்கப்பா இப்புடி இருக்குற ஆட்டத் தொடமாட்டாரு."

பாத்திமா பீவி எழுந்துவிட்டார். "எம் புள்ளைய ஆட்டப் பாக்குறாப்புல பாக்குறியா? சந்தைக்கா ஓட்டிட்டுப் போவப் போற?"

"ஆடா இருந்தா இந்நேரம் மருந்து குடுத்திருப்பீங்க. புள்ளையாப் போச்சு, நெறம்னு சொல்லிக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க."

"வெளிய போ பச்ச. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத."

அவர் போனார். மறுநாள் கொல்லைப்புறமாக வந்தார். படி ஏறவில்லை என்பதைக் காட்டுவதற்காகக் கொல்லையிலேயே நின்று பேசினார். அதற்கு மறுநாளும் வந்தார். முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கிண்ணம், வேகவைத்த கடலை ஒரு கை, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஒன்று என்று கொண்டுவருவார். பாத்திமா பீவி வாங்கமாட்டார். இவர் அதைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காக்கை தின்னும். எட்டு நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் இவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பீவி, எம்புள்ள மலரும் உங்க புள்ளயும் ஒரே வயசு. அது குடிக்கிறது கம்மங்கூழு. கடிச்சிக்கிறது கருவாடு. நாலு பாட்டு சொல்லுது. அம்பது வரைக்கும் எண்ணுது. இது சீமைப் பால் குடிச்சிட்டு நாலு எழுத்து சொல்லமாட்டேங்குது. எங்கியோ இடிக்கிதுல்ல?"

"அல்லா குடுத்த புத்தி அவ்ளோதான்."

"அல்லா குடுத்தத நீங்க பாத்தீங்களா? பாலு குடுத்ததத்தான் பாத்தீங்க. மண்ணு கிண்ணு திங்கிதா புள்ள?"

பாத்திமா பீவி இல்லை என்றார். ஆனால் அந்த 'இல்லை' சிறிது தாமதித்து வந்தது. பச்சையம்மாள் கொல்லையிலிருந்து உள்ளே வந்துவிட்டார். தடையை மறந்தார் என்று நினைக்கிறேன். பின்னறைக்குப் போய் காலி டின் அடுக்கைப் பார்த்தார். ஓரத்தில் ஓர் அடுக்கு மட்டும் சுவரிலிருந்து ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு விலகி இருந்தது. அந்த அடுக்கை இறக்கினார். பின்னால், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், வெள்ளையடித்த சுவரில் ஒரு குழி. சுண்ணாம்பும் காரையும் போய்ச் செங்கல் தெரிந்தது. உள்ளங்கை அகலம். ஓரங்களில் நகக் கீறல்.

பாத்திமா பீவி அதுவரை அதை எலி பறித்தது என்று எண்ணியிருந்தார். குழியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். அவர் கையைவிடக் குழி சிறிது பெரியதாக இருந்தது. அப்படியே டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

பச்சையம்மாள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்து குழியைச் சுற்றிக் கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டுதான்னு தெனம் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். பச்சையம்மாளும் கூட வந்தார். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். டாக்டரம்மா நஃபீசாவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். பதினொன்றுக்கு மேல் இருக்கவேண்டிய அளவு ஆறு என்று வந்தது. அவர் சொன்னதைத் திரும்பி வந்ததும் எழுதி வைத்தேன், ஆகவே சொல் மாறாமல் தருகிறேன்.

"பால் கெட்டது இல்லீங்க. ஆனா அதுல இரும்புச் சத்து கெடையாது. வயித்த நெரப்பிடுது, வேற எதுக்கும் எடம் இல்ல. மூளைக்கு வேண்டியது ரத்தத்துலதான் போவுது. ரத்தமே இல்லாட்டி அது என்ன பண்ணும்?"

"புத்தி மந்தங்களா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"தூங்குற புள்ளைக்குப் புத்தி இருக்கா இல்லையான்னு நான் எப்புடிச் சொல்றது? எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. அப்பறம் பாப்போம்."

பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார். பால் நாளைக்கு ஒரே டம்ளர். மற்றபடி கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. பச்சையம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில், "சுவரொட்டி குடுக்கலாங்களா?" என்று கேட்டார். ஆட்டின் மண்ணீரலை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். "தாராளமா. நல்லா வேக வச்சு" என்றார் டாக்டரம்மா.

பட்டியல் இருந்தது, உண்ணும் வாய்தான் இல்லை. பாத்திமா பீவி மடியில் வைத்து ஊட்டினால் நஃபீசா வாயை இறுக மூடிக்கொண்டாள். பாலுக்கு அழுதாள். மூன்று நாள் அழுகையில் தாய்க்கு மனம் தளர்ந்தது. நான்காம் நாள் பச்சையம்மாள் வந்து கேட்ட பொருளை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க வூட்டு சஹன் ஒண்ணு குடுங்க."

சஹன் என்பது எங்கள் விருந்துகளில் பயன்படும் பெரிய தட்டு. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவோம். எங்கள் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்குப் பாத்திரம் கழுவ வந்திருந்தபோது அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

"தனியா வச்சு ஊட்டுனா ராணியாட்டம் வாய மூடிக்கிது. நாலு கைக்கு நடுவுல விட்டுப் பாருங்க. நமக்கு இல்லாமப் போயிடுமோன்னு ஒரு பயம் வரும். அந்தப் பயம் வரணும் பீவி."

அந்த நான்கு கைகளில் ஒன்று மலர்க்கொடியின் கை. மற்றவையும் காலனிப் பிள்ளைகளுடையவை. சஹனில் யார் உட்காரலாம் என்பதில் மார்க்கத்தில் தடை இல்லை, தெருவில் இருந்தது. மறுநாள் பாத்திமா பீவியே சஹனைத் துணியில் சுற்றி, பட்டப்பகலில், பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் மூன்று நாள் நஃபீசா பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள், மலர்க்கொடி தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடலையில் நஃபீசா கைவைத்தாள். மலர்க்கொடி அந்தக் கையில் அடித்தாள். பாத்திமா பீவி துள்ளி எழ, பச்சையம்மாள் அவர் தோளை அழுத்தி, "இருங்க. அடிச்சாத்தான் பிடுங்குவா" என்றார். பிடுங்கினாள். வாயில் போட்டு மென்றாள். பல் முளைத்து நான்கு ஆண்டில் அவள் மென்று நான் கேள்விப்பட்டது அதுவே முதல் முறை.

எல்லாம் நேராகப் போகவில்லை. கீரையை வாந்தி எடுத்தாள். மருந்தால் மலம் கறுத்தது. தெருவில் சிலர், அந்த ஆயா ஏதோ வைத்துவிட்டாள் என்றார்கள். பச்சையம்மாள் காலையும் மாலையும் வந்து எத்தனை டம்ளர் என்று கேட்பார், கண் மடலைப் பார்ப்பார், பின்னறைக்குப் போய்க் கரிக்கோட்டைப் பார்ப்பார். டிசம்பரில் குழி கோட்டைத் தாண்டியது. அவர் புதிய கோடு போட்டார். ஜனவரியில் மீண்டும் ஒரு விரல்கடை தாண்டியது. மூன்றாவது கோடு போட்டார். மார்ச் முழுவதும் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

ஏப்ரலில் நஃபீசா பகலில் தூங்குவதை விட்டாள். ஓதிக்கொடுத்தவர் ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, "எட்டு எழுத்து வந்துருக்கு பாய். நேத்து என்னயவே ஒண்ணு கேள்வி கேட்டுச்சு" என்றார். நிறம் மட்டும் போயிற்று. அவள் எங்களைப்போல மாநிறமானாள். உறவுப் பெண்கள் பாத்திமா பீவியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

இந்த ஆறரை மாதத்தில் ஜமாலுக்கு நாங்கள் எதையும் எழுதவில்லை. வீட்டுக் கடிதங்களை எழுதுவது நான். பாத்திமா பீவி கேட்டுக்கொண்டபடி, "குழந்தை பால் நன்றாகக் குடிக்கிறாள்" என்றே எழுதினேன். உண்மை தெரிந்து எழுதிய பொய் அது. அதை மறைக்க விரும்பவில்லை. அவனோ டின் அனுப்பிக்கொண்டே இருந்தான். பதின்மூன்று டின் காலியாகியிருக்க வேண்டிய காலத்தில் இரண்டுதான் காலியாகியிருந்தன. முத்திரை உடையாத பதினொரு டின் அலமாரியில் நின்றது.

மே மாதம் முதல் வாரம் தந்தி வந்தது. பதினேழாம் தேதி ஜமால் வருகிறான்.

அன்றிலிருந்து பாத்திமா பீவிக்கு உணவு செல்லவில்லை. டின்களை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். பதின்மூன்றாம் தேதி பச்சையம்மாளிடம் சொன்னார்: "நீ எடுத்துட்டுப் போயிடு பச்ச. மாவக் கொட்டிக்கிட்டுக் காலி டின்ன மட்டும் குடு. பால்வாடிப் புள்ளைங்க குடிக்கட்டும்."

"எடுத்துட்டுப் போனா நாளைக்கு என்னயத் திருடின்னு சொல்லுவாங்க. நீங்களும் இல்லன்னு சொல்லமுடியாது."

"அப்ப ஆத்துல கொட்டிடவா?"

"கொட்டிட்டு என்னான்னு சொல்லுவீங்க? பாலு குடிச்சுத்தான் புள்ள தேறுனான்னா? அடுத்த கப்பல்ல இருவது டின்னு வரும் பீவி."

பாத்திமா பீவி அன்று மாலையே ஒரு டின்னின் முத்திரையை உடைத்தார். நஃபீசாவுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தார். மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் ஆறு. பதினாறாம் தேதி காலை சஹன் முன்னால் நஃபீசா வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தாள், கையை நீட்டவில்லை. பச்சையம்மாள் சமையலை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார், திரும்பினார், மறுபடி வந்தார். உள்ளே வரவில்லை. அவர் அப்படி நான்கு முறை நடந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். பிறகு காணவில்லை.

பதினேழாம் தேதி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் பச்சையம்மாள் நின்றுகொண்டிருந்தார். முதல் நாளே பஸ் ஏறி வந்து, சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் வேலை செய்யும் அண்ணன் தங்கசாமி வீட்டில் தங்கியிருக்கிறார்.

"இங்க என்னம்மா வேல?" என்றேன்.

"உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லணுங்க பெரிய பாய்."

"நான் சொல்லமாட்டேனா?"

"சொல்றதா இருந்தா ஆறு மாசமாச் சொல்லியிருப்பீங்களே."

வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். அவ்வளவு நேரமும் அவர் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

ஜமால் இறங்கினான். நான்கு பெட்டி இறங்கியது. ஒன்று முழுக்கப் பால்மாவு. பச்சையம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தார்.

"பாய், நான் பால்வாடி ஆயா. உங்க புள்ள பாலு குடிக்கிறத நிறுத்துனது நான். உங்க பீவி இல்ல."

ஜமால் என்னைப் பார்த்தான். "யாரு அண்ணே இது? என்ன சொல்லுது?"

"அலமாரியில பத்து டின்னு முழுசா இருக்கு. ஒண்ணு பயத்துல ஒடச்சது. எண்ணிட்டுக் கோவப்படாதீங்க. எண்ணுறதுக்கு முன்னாடி புள்ளயோட கண்ணு மடல எறக்கிப் பாருங்க. அப்பறம் டின்ன நவுத்திட்டுச் செவுத்தப் பாருங்க. நான் மூணு கோடு போட்டு வச்சுருக்கேன். அதுக்கப்பறம் யாரத் திட்டணுமோ திட்டுங்க."

"நான் வெயில்ல நின்னு அனுப்புனது" என்றான் ஜமால். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் பாய். எம் புருசனும் வெயில்ல நின்னவருதான். அதனால அவரு கொண்டாந்த எல்லாத்தையும் எம்புள்ள தின்னுடல."

அவன் பெட்டிகளைக் காரில் ஏற்றச் சொன்னான். காரில் இடம் இருந்தது. அவரை ஏறச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் பஸ்ஸில் வந்தார்.

ஜமால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினான். நேரே பின்னறைக்குப் போனான். பாத்திமா பீவி கதவோரம் நின்றார். அவன் எண்ணினான். பத்து முழு டின். ஒன்று உடைத்தது. பிறகு காலி அடுக்கை நகர்த்தினான். குழியும் அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மூன்று கரிக்கோடும் தெரிந்தன. வெகுநேரம் அதன் முன்னால் குந்தியிருந்தான்.

நஃபீசா அத்தாவை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் நின்றவள், அவன் கையில் இருந்த டின்னைப் பார்த்து அருகில் வந்தாள். டின்னின் ஒரு பக்கத்தில் அரபியில் எழுதியிருக்கும். நான்காண்டாக அவள் முன்னால் இருந்த எழுத்து. விரலை வைத்தாள்.

"இது லாம்" என்றாள். விரல் நகர்ந்தது. "இது பே." அடுத்ததையும் பே என்றாள், அது யே. தவறு. உடனே அதையே உற்றுப் பார்த்து, "இல்ல, இதுக்குக் கீழ ரெண்டு புள்ளி. இது வேற" என்றாள்.

ஜமால் டின்னைத் தரையில் வைத்தான். மகளின் முகத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் கண் மடலை இறக்கினான். எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, ரொம்ப அழுத்திவிட்டான். நஃபீசா அவன் கையைத் தட்டிவிட்டாள், மலர்க்கொடியிடம் கற்றபடி.

"ஸ்கூல் எப்பத் தொறக்குது?" என்று கேட்டான். என்னிடம் கேட்டானா, மனைவியிடமா என்று தெரியவில்லை. பாத்திமா பீவிதான் தேதி சொன்னார்.

1978 ஜூனில் நஃபீசாவும் மலர்க்கொடியும் ஒரே நாளில் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். அன்று மாலை குறிப்பேட்டில் 'மந்தம்' என்ற சொல்லின்மேல் ஒரே கோடு இழுத்து, தேதியிட்டு, பக்கத்தில் 'தவறான பதிவு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடியில் இருக்கும் சொல்லை இன்றும் படிக்கலாம். பதினொரு டின்னையும் ஜமாலே தூக்கிக்கொண்டு போய்ப் பால்வாடியில் வைத்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று நடுத்தெரு வழியாகப் போனான்.

பச்சையம்மாளைப் பற்றி எஞ்சியவை: 1982இல் அரசின் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளியில் சமையல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவரின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்து, "சார் கொஞ்சம் கீர சேத்துக்கங்க" என்றதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு தாள் வந்தது. 1985 ஏப்ரலில் கொதிக்கும் பருப்பு அண்டா சரிந்து இரண்டு காலும் வெந்தன. எட்டு மாதம் படுக்கை. உட்காரத் தெரியாதவர் படுத்திருந்தார். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும், நடக்கமுடியாத அந்தக் காலை ஆட்டிக்கொண்டே, இன்று பள்ளியில் எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்றுதான் கேட்டார்.

வேலை கைவிட்டுப் போகாமலிருக்க அவருக்குப் பதிலாக மலர்க்கொடி சமைத்தாள். அந்த ஜூனில் அவள் எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டும். போகவில்லை, தாய் எழுந்த பிறகும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இதையும் பதிவு செய்கிறேன்.

பள்ளியில் படித்த ஆண்டுகள்:

பாத்திமா பீவி, நான்கு.
பச்சையம்மாள், ஐந்து.
மலர்க்கொடி, ஏழு.
நஃபீசா, பத்து.